அழகர் பாத்துட்டு வந்ததுல இருந்து பையனுக்கு வயித்தால போகுது.. கலர் ஐஸா, தண்ணியா? உப்பு சர்க்கரை தண்ணி சரியான அளவு சொல்லுங்க

வில்லாபுரம் அம்மு:

எல்லாருக்கும் வணக்கம். பையனுக்கு மூணு வயசு ஆகப்போகுது. அழகர் ஆத்துல இறங்குறத பாக்க தல்லாகுளத்துல எங்க அம்மா வீட்டுக்கு போயிருந்தோம். கூட்டத்துல அவன் தாய்மாமா தோள்ல தூக்கி வச்சுக்கிட்டு சுத்தினாரு, புள்ள கேட்டான்னு ரோஸ் கலர் குச்சி ஐஸ் வாங்கி குடுத்துட்டாரு, அது போக பந்தல் பந்தலா பானகம் நீர்மோருன்னு குடிச்சிருக்கான். நேத்து ராத்திரில இருந்து தண்ணி தண்ணியா போகுது, நடுவுல வாந்தியும் எடுத்தான். காய்ச்சல் இல்ல. காலைல போனது லேசா செவப்பா இருந்துச்சு, பாத்ததும் ஈரக்குலையே நடுங்கிருச்சு.

இப்ப வீட்டுல ஆளுக்கு ஒண்ணு சொல்றாய்ங்க. அத்தை வசம்பு சுட்டு உரசி குடுக்கலாம்ங்கிறாங்க. பக்கத்து வீட்டு மதினி இது தொக்கம்தான், தின்னது உள்ள சிக்கிக்கிச்சு, எடுத்துட்டா சரியாயிரும்ங்கிறாங்க. வீட்டுக்காரர் கடையில இருந்து ஆரஞ்சு டேஸ்ட்ல ஒரு அட்டைப்பெட்டி ஜூஸ் வாங்கிட்டு வந்துட்டாரு, வயித்தால போனா இதத்தான் குடுப்பாய்ங்கன்னு. நான் உப்பு சர்க்கரை தண்ணி கலக்கலாம்னு பாத்தா ஒருத்தர் ஒரு சிட்டிகைங்கிறாங்க, ஒருத்தர் ஒரு ஸ்பூனுங்கிறாங்க. சரியான அளவு யாராச்சும் சொல்லுங்க ப்ளீஸ், அந்த கலர் ஐஸாலதான் இப்படி ஆச்சான்னும் தெரியணும்.

சோழவந்தான் அக்கா:

அம்மு, பதறாத, ஆனா மொதல்ல சில விஷயத்த இப்பவே பாத்து சொல்லு. புள்ள கடைசியா எப்ப ஒண்ணுக்கு போனான்? அழும்போது கண்ணுல தண்ணி வருதா? நாக்கு ஈரமா இருக்கா? வயித்து தோலை ரெண்டு விரலால லேசா கிள்ளி விட்டுப் பாரு, ஒடனே படிஞ்சுதுன்னா நல்லது, மெதுவா மடிப்பு நின்னு போச்சுன்னா ஒடம்புல தண்ணி ரொம்ப கொறைஞ்சிருச்சுன்னு அர்த்தம். கண்ணு உள்ள போயிருந்தா, எழுப்பினாலும் சொக்கி சொக்கி விழுந்தா, குடிக்க மாட்டேன்னா, குடிச்சதெல்லாம் வாந்தியாவே வந்தா, ஆறு மணி நேரமா ஒண்ணுக்கே போகலைன்னா இந்த பக்கத்த மூடிட்டு வெரசா ஆஸ்பத்திரிக்கு கிளம்பு. ஆட்டோ கிடைக்கலைன்னா 108க்கு போடு.

இது எதுவும் இல்லைன்னா வீட்டுலயே ஆரம்பிக்கலாம். ஒரு லிட்டர் காய்ச்சி ஆற வச்ச தண்ணி, அதுல தலை தட்டின டீஸ்பூன்ல ஆறு ஸ்பூன் சர்க்கரை, அதே ஸ்பூன்ல அரை ஸ்பூன் தூள் உப்பு. தலை தட்டினதுன்னா கத்தி முதுகால வழிச்சு விட்டது, குமிச்சு எடுக்கக் கூடாது. ஆனா மருந்துக்கடையில ஓஆர்எஸ்ங்கிற உப்பு சர்க்கரை பவுடர் பாக்கெட் கிடைக்கும்போது அதையே வாங்கு, அதுல பொட்டாசியமும் சிட்ரேட்டும் சேர்ந்திருக்கு. வீட்டுல கலக்குறது பாக்கெட் கைக்கு வர்ற வரைக்கும்தான்.

உன் பையன் வயசுக்கு ஒவ்வொரு தடவ தண்ணியா போனதுக்கு அப்புறமும் 100ல இருந்து 200 மில்லி, அதாவது அரை டம்ளர்ல இருந்து ஒரு டம்ளர். ரெண்டு வயசுக்கு கீழன்னா 50ல இருந்து 100. மொத்தமா வாயில ஊத்தாத, ஸ்பூன் ஸ்பூனா குடு. வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் விட்டுட்டு திரும்ப ஆரம்பி, ரெண்டு மூணு நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூனுன்னு பைய குடு. வாந்தி எடுக்குறான்னு நிறுத்திடுறாய்ங்க, அங்கதான் புள்ளைங்க சுருண்டு போகுதுங்க.

அப்புறம் அந்த செவப்பு. சாயம் போட்டத தின்னா தண்ணி முழுக்க ஒரே மாதிரி ரோஸா வரும். ரத்தம்னா கோழை மாதிரி சளியோட கோடு கோடா இருக்கும், புள்ள வயித்த பிடிச்சுக்கிட்டு முக்கி அழுவான். உனக்கு எது மாதிரி இருந்துச்சு? சந்தேகமா இருந்தா அந்த துணிய தொவைக்காம ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டு போய் டாக்டர்ட்ட காட்டு, வாயால சொல்றத விட அது உபயோகம். ரத்தம்னு தெரிஞ்சா வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், நேரா ஆஸ்பத்திரி.

வில்லாபுரம் அம்மு:

ரொம்ப நன்றிக்கா. காலைல எந்திரிச்சதும் ஒண்ணுக்கு போனான், கொஞ்சமாத்தான் போனான், மஞ்சளா இருந்துச்சு. அழுதா கண்ணீர் வருது. தோல் ஒடனே படியுது. செவப்பு வந்து முழுக்க ரோஸ் தண்ணி மாதிரிதான்க்கா, சளி கோடு எதுவும் இல்ல. அதுக்கப்புறம் போனது மஞ்சளாத்தான் இருந்துச்சு. இவர பாக்கெட் வாங்க அனுப்பிட்டேன், அது வர்ற வரைக்கும் நீங்க சொன்ன அளவுல கலக்கி ஸ்பூன்ல குடுத்துட்டு இருக்கேன்.

மேலூர்ப் பங்காளி:

தங்கச்சி, மதினி சொல்றதையும் தள்ளிராதீங்க. எங்க ஊர்ப்பக்கம் ஒரு ஆத்தா தொக்கம் எடுக்கும், வயித்த நீவி விட்டு ஊதி எடுக்கும், மாம்பழத் துண்டு சோத்துப் பருக்கைன்னு உள்ள கெடந்தது வெளிய வந்து விழும், எங்க கண்ணால பாத்திருக்கோம். எங்க வீட்டு புள்ளைங்க எல்லாம் அதுலதான் தேறுச்சுக.

ஆரப்பாளையம் மருந்துக்கடை:

பங்காளி அண்ணே, உங்க நம்பிக்கைய மதிக்கிறேன், ஆனா இத சொல்லாம விட முடியாது. வயித்துக்குள்ள போன சாப்பாடு சில மணி நேரத்துல கரைஞ்சு குடலுக்கு இறங்கிரும், அது முழுப் பருக்கையா அப்படியே உக்காந்திருக்காது. மூணு வயசுப் புள்ளைக்கு வாந்தியோட தண்ணியா போகுதுன்னா பெரும்பாலும் வைரஸ் கிருமி, இல்லைன்னா கெட்ட தண்ணியால வந்த பாக்டீரியா. அது ஊதி எடுக்குற எடத்துல இல்ல, குடல் பூராம் இருக்கு. அதுவும் வாந்தி எடுத்துட்டு இருக்குற புள்ளைய படுக்க வச்சு வயித்த அமுக்கி தொண்டையில ஊதினா மூச்சுக்குழல்ல ஏறிரும்ணே. நாலஞ்சு நாள்ல தானா நிக்கிற பேதி, எடுத்துட்டு வந்த அன்னைக்கு நின்னா தொக்கத்துக்குப் பேரு வந்துருது. நிக்காத புள்ளைங்க பெரியாஸ்பத்திரிக்குதான் வருதுங்க, அது ஊருக்குள்ள யாருக்கும் தெரியாது.

அம்மு அக்கா, அந்த ஆரஞ்சு அட்டைப்பெட்டிய பிரிக்காம ஓரமா வைங்க. அதுல எழுதியிருக்குற சர்க்கரை எவ்வளவுன்னு பின்னாடி பாருங்க. உலக சுகாதார நிறுவனம் சொல்ற ஓஆர்எஸ்ல ஒரு லிட்டருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9, மொத்தம் 20.5 கிராம். கோலா மாதிரி குளிர்பானத்துல லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல சர்க்கரை. அவ்வளவு சர்க்கரை குடலுக்குள்ள போனா ஒடம்புல இருக்குற தண்ணிய அது குடலுக்கு இழுக்கும், இன்னும் அதிகமாத்தான் போகும். ஓஆர்எஸ்னு பேர ஒட்டிக்கிட்டு இனிப்பு பானம் வித்துட்டு இருந்தாய்ங்க, ஹைதராபாத்ல ஒரு கொழந்தைங்க டாக்டரம்மா பல வருஷமா இதுக்காகப் போராடி, 2025 அக்டோபர்ல மத்திய உணவு பாதுகாப்பு ஆணையம் (எஃப்எஸ்எஸ்ஏஐ) அந்த எழுத்த எந்த பானத்து பேர்லயும் போடக்கூடாதுன்னு ஆர்டர் போட்டுச்சு. பேர் மாறினாலும் பெட்டி அதே மாதிரிதான் இருக்கும், மக்களும் பழக்கத்துல கேக்குறாங்க. பாக்கெட்டுல உலக சுகாதார நிறுவன ஃபார்முலான்னு போட்டிருக்கான்னு பாத்து வாங்குங்க.

இன்னொண்ணு. ஒரு லிட்டர் பாக்கெட்டும் இருக்கு, 200 மில்லி சின்ன பாக்கெட்டும் இருக்கு. பெரிய பாக்கெட்டுல கொஞ்சம் கொட்டி ஒரு டம்ளர்ல கலக்குறதுங்கிறது எங்க கடைக்கு வர்றவங்கள்ல நெறைய பேர் செய்றது. அப்படி செய்யவே கூடாது, உப்பு கூடிப்போனா சின்ன புள்ளைக்கு ஃபிட்ஸ் வரைக்கும் போகும். முழு பாக்கெட், முழு ஒரு லிட்டர். மிச்சத்த 24 மணி நேரத்துல கொட்டிருங்க. பால்லயோ ஜூஸ்லயோ கலக்கக் கூடாது. சிங்க் மாத்திரையும் கேளுங்க, ஆறு மாசத்துக்கு மேல உள்ள புள்ளைக்கு நாளைக்கு 20 மில்லிகிராம், 14 நாள். பேதி நின்னாலும் 14 நாளும் குடுக்கணும். பேதிய ஒடனே நிறுத்துற பெரியவங்க மாத்திரைய மட்டும் புள்ளைக்கு குடுத்துராதீங்க.

மாசிவீதி மளிகை:

அளவு விஷயத்துல நானும் ஒண்ணு சொல்றேன். நம்ம கடை எலக்ட்ரானிக் தராசுல இப்பதான் வச்சுப் பாத்தேன். அஞ்சு மில்லி டீஸ்பூன்ல தலை தட்டி அரை ஸ்பூன் தூள் உப்பு மூணு கிராம் பக்கம் வருது, ஆறு ஸ்பூன் சர்க்கரை 25 கிராம் பக்கம். அதே ஸ்பூன குமிச்சு எடுத்தா கிட்டத்தட்ட ரெண்டு மடங்குக்கு போயிருது. கல்லுப்பு எடுத்தா இடைவெளி விட்டு நிக்கிறதால எடை கொறையுது, அதனால இதுக்கு தூள் உப்புதான். நம்ம வீடுகள்ல டீஸ்பூனுன்னு சொல்லி வச்சிருக்குறது ஒவ்வொண்ணும் ஒவ்வொரு சைஸ், இருமல் சிரப்போட வர்ற அஞ்சு மில்லி மூடிதான் நம்பிக்கை. தண்ணிக்கு செம்பு சொம்புன்னு நம்பாம ஒரு லிட்டர் வாட்டர் பாட்டில எடுத்துக்கங்க. கலக்கினதும் நாக்குல வச்சுப் பாருங்க, நம்ம கண்ணீர விட உப்பு கூடுதலா கரிச்சா கொட்டிட்டு புதுசா கலக்குங்க.

திருநகர் மாமா:

அம்மா அம்மு, நல்ல கேள்வி கேட்ட. ரிட்டயர் ஆன வாத்தியார் நான், இந்த உப்பு சர்க்கரை தண்ணி எப்படி வந்துச்சுன்னு வகுப்புல பாடம் நடத்தும்போது சொல்லுவேன், இங்கயும் சொல்றேன். எங்க சின்ன வயசுல வாந்தி பேதின்னா வாய்க்கு தண்ணி குடுக்கக் கூடாதும்பாங்க, புள்ள தண்ணி தண்ணின்னு கேட்டாலும் குடுக்க மாட்டாங்க, அதுலயே எத்தனையோ உசுரு போயிருக்கு. 1971ல வங்கதேசப் போர் நடந்தப்ப லட்சக்கணக்கான அகதிங்க இந்தியாவுக்குள்ள வந்தாங்க, எல்லையோரம் பன்காவ் முகாம்ல காலரா. நரம்புல ஏத்துற குளுக்கோஸ் பாட்டில் தீந்து போச்சு. கல்கத்தாவுல இருந்து போன டாக்டர் திலீப் மகாலனாபிஸ், உப்பு, குளுக்கோஸ், பேக்கிங் சோடாவ பொட்டலம் கட்ட வச்சு, தண்ணியில கலந்து டிரம்ல ஊத்தி வச்சு, கூட வந்த சொந்தக்காரங்க கையாலயே குடுக்கச் சொன்னாரு. நூத்துக்கு முப்பது பேர் செத்துட்டு இருந்த முகாம்ல அது நாலுக்கும் கீழ கொறைஞ்சுச்சு. 1978ல லான்செட்ங்கிற மருத்துவப் பத்திரிகை இத இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமா இருக்கலாம்னே எழுதுச்சு. 2022ல அவர் காலமானாரு, அடுத்த வருஷம் பத்ம விபூஷண் குடுத்தாங்க.

ஏன் உப்பும் சர்க்கரையும் சேந்து வேணும்னா, பேதியில குடல் கெட்டுப் போயிருந்தாலும் உப்பையும் குளுக்கோஸையும் ஒண்ணா உள்ள எடுக்குற ஒரு வழி மட்டும் வேலை செஞ்சுக்கிட்டே இருக்கும். ரெண்டும் ஜோடி சேந்து வந்தாத்தான் அந்தக் கதவு திறக்கும், திறந்தா பின்னாடியே தண்ணியும் உள்ள போயிரும். வெறும் தண்ணி மட்டும் குடுத்தா பாதி வீண். வங்கதேசத்துல அதுக்கப்புறம் வீடு வீடா போய் பொம்பளைங்களுக்கு மூணு விரல் உப்பு, ஒரு பிடி வெல்லம்னு கையளவுல கத்துக் குடுத்தாங்க. நம்மகிட்ட ஸ்பூன் இருக்கு, அதனால ஸ்பூன்லயே அளந்துக்கலாம்.

உப்பு போட்ட அரிசிக் கஞ்சியும் நல்லதுதான், அதுல இருக்குற மாவுச்சத்து மெதுவா குளுக்கோஸா மாறும். இளநீர் குடுக்கலாம், ஆனா அதுல பொட்டாசியம் அதிகம், உப்பு கம்மி, அத மட்டும் நம்பக் கூடாது. பானகம் இப்ப வேண்டாம், வெல்லம் ரொம்ப.

வில்லாபுரம் அம்மு:

மாமா படிக்கும்போதே மேலுக்கு என்னமோ செஞ்சுச்சு. பாக்கெட் வந்துருச்சு, முழுசா ஒரு லிட்டர்ல கலக்கிட்டேன். அக்கா, வசம்புக்கு என்ன சொல்றது? அத்தை கோவமா இருக்காங்க, எம்புள்ளைங்க எல்லாத்துக்கும் அதத்தான் குடுத்தேன், எவன் செத்தான்னு கேக்குறாங்க.

சோழவந்தான் அக்கா:

அத்தைகிட்ட சண்டை போடாத. வசம்ப புள்ள வளர்ப்பான்னு பேர் வச்சு தலைமுறை தலைமுறையா உரசி குடுத்துருக்கோம், அவங்க புள்ள மேல இருக்குற பாசத்துல சொல்றாங்க. ஆனா நான் வேலை பாத்த காலம் பூராம் சொன்னதுதான் இப்பவும் சொல்றேன், பேதியாகுற புள்ளைக்கு அது வேண்டாம். வசம்புல பீட்டா அசரோன்னு ஒரு பொருள் இருக்கு, எலிக்கு குடுத்துப் பாத்ததுல கட்டி வந்துச்சுன்னு அமெரிக்காவுல 1968லயே சாப்பாட்டுல சேக்கக் கூடாதுன்னு தடை பண்ணிட்டாங்க. நம்ம ஊர்ல சுட்டு உரசுறது, கல்லுல ஒரு இழை ரெண்டு இழைன்னு குடுக்குறது, அளவு கையில நிக்காது, கூடிப்போனா இன்னும் வாந்தி வரும். சாதிக்காயும் அப்படித்தான், கூடினா புள்ள மயங்கி தூங்கும், நாம நல்லா தூங்குறான்னு நெனச்சுக்கிட்டு தண்ணி குடுக்காம விட்டுருவோம். உரசுற கல்லு எவ்வளவு சுத்தம்ங்கிறதும் இருக்கு. ஒரு வயசு ஆகாத புள்ளைக்கு தேன்ல குழைச்சு நாக்குல தடவுறதும் கூடாது, தேன்ல இருக்குற ஒரு கிருமி வித்து அந்த வயசுக் குடல்ல முளைச்சு நரம்பையே தளர்த்திரும்.

அத்தைகிட்ட கஞ்சிப் பொறுப்ப குடுத்துரு. அவங்க கைப்பக்குவத்துல அரிசியும் பாசிப்பருப்பும் வறுத்து குழைய காய்ச்சி உப்பு போட்டு குடுக்கட்டும். இட்லி, மோர்சாதம், மசிச்ச வாழைப்பழம் எல்லாம் குடுக்கலாம். பட்டினி போடவே கூடாது, பட்டினி போட்டா குடல் ஆறாது. தாய்ப்பால் குடிக்கிற புள்ளைன்னா அத ஒரு நேரம் கூட நிறுத்தக் கூடாது. வரக்காப்பில எலுமிச்சம்பழம் பிழிஞ்சு பெரியவங்க குடிச்சுக்கட்டும், புள்ளைக்கு வேண்டாம். மாதுளை தோல் கஷாயமும் அப்படித்தான், துவர்ப்புக்கு பெரியவங்களுக்கு கொஞ்சம் கேக்கும், புள்ளைக்கு அளவு யாருக்கும் சரியா தெரியாது, விட்டுரு. கைய சோப்பு போட்டு கழுவுறது எல்லாரும், முக்கியமா கழுவி விட்டுட்டு அப்படியே அடுப்படிக்கு போறவங்க.

தெப்பக்குளம் தம்பி:

கலர் ஐஸ் பத்தி கேட்டதுக்கு யாருமே பதில் சொல்லலையே. எங்க குரூப்ல ஒரு ஃபார்வர்டு வந்துச்சு, பாக்கெட்டுல 102, 110, 122, 124, 471ன்னு நம்பர் போட்ட எதையும் சாப்பிடக் கூடாதாம், எல்லாம் கேன்சராம், 471 பன்றிக் கொழுப்பாம். இது உண்மையா? பஞ்சு மிட்டாய தடை பண்ணினதும் இதுக்குத்தானே?

திருமங்கலம் லேப்காரர்:

நான் உணவு பரிசோதனை லேப்ல வேலை பாக்குறேன், இத கொஞ்சம் பொறுமையா படிங்க தம்பி, ஏன்னா ஃபார்வர்டுல உண்மையும் பொய்யும் கலந்து கெடக்கு.

பஞ்சு மிட்டாய் விஷயம் வேற. 2024 பிப்ரவரில மொதல்ல புதுச்சேரி தடை பண்ணுச்சு, அதே மாசம் தமிழ்நாடும் தடை பண்ணுச்சு. அதுல கண்டுபிடிச்சது ரோடமின் பி, அது துணிக்கும் காகிதத்துக்கும் போடுற சாயம், சாப்பாட்டுல துளி கூட சேக்க அனுமதியே இல்ல. அந்த நம்பர் லிஸ்ட்ல அது கெடையவே கெடையாது, ஏன்னா சாப்பாட்டுல சேக்குற பொருளுக்குன்னு வச்ச நம்பர் அது. கண்ண பறிக்கிற ரோஸ், கையில ஒட்டினா சோப்பு போட்டும் போகாத ரோஸ் பாத்தா வாங்காதீங்கன்னு நான் சொல்லுவேன், ஆனா கண்ணால பாத்து இது ரோடமின்தான்னு யாராலும் உறுதியா சொல்ல முடியாது, லேப்லதான் தெரியும்.

அனுமதிச்ச செயற்கை கலர் இந்தியாவுல எட்டு. டார்ட்ராசின் 102, சன்செட் யெல்லோ 110, கார்மோய்சின் 122, பொன்சோ 124, எரித்ரோசின் 127, இண்டிகோ கார்மைன் 132, பிரில்லியண்ட் ப்ளூ 133, ஃபாஸ்ட் க்ரீன் 143. இதெல்லாம் எல்லா சாப்பாட்டுலயும் போட முடியாது, எதுல போடலாம்னு தனி பட்டியல் இருக்கு, பெரும்பாலும் கிலோவுக்கு 100 மில்லிகிராம்தான் உச்சம். இதுல சிலதுக்கு சந்தேகம் இருக்கு, அதையும் மறைக்கக் கூடாது. 2007ல இங்கிலாந்துல சவுத்தாம்ப்டன்ல கொழந்தைங்களுக்கு ஆறு செயற்கை கலர்ல சிலதையும், கெடாம இருக்க சேக்குற சோடியம் பென்சோயேட்டையும் மாத்தி மாத்தி கலந்து குடுத்துப் பாத்தாங்க, சில புள்ளைங்க துறுதுறுப்பு கொஞ்சம் கூடுச்சு. அதனால 2010ல இருந்து ஐரோப்பாவுல அந்த ஆறு கலர் போட்ட பொருள்ல புள்ளைங்க கவனத்த பாதிக்கலாம்னு எச்சரிக்கை எழுதணும். டார்ட்ராசின் சிலருக்கு தடிப்பு அரிப்பு குடுக்கும். கேன்சர்னு ஒரே அடியா சொல்றதுக்கு ஆதாரம் இல்ல, தினமும் குடுக்கலாம்னு சொல்றதுக்கும் நான் தயாரா இல்ல. எங்க வீட்டு புள்ளைங்களுக்கு கலர் மிட்டாய் எப்பயாச்சும்தான்.

471ங்கிறது எண்ணெயும் தண்ணியும் பிரியாம இருக்க சேக்குறது, தாவர எண்ணெய்ல இருந்தும் எடுக்கலாம், மிருகக் கொழுப்புல இருந்தும் எடுக்கலாம். நம்ம நாட்டுல பாக்கெட்டுல பச்சைப் புள்ளி இருந்தா சைவம்னு அர்த்தம். அப்புறம் எல்லா நம்பரும் விஷம்னா 330 எலுமிச்சைல இருக்குற சிட்ரிக் ஆசிட், 412 கொத்தவரை விதை மாவு, 100 நம்ம மஞ்சள்.

இப்ப அம்மு கேட்டது. ஒரு குச்சி ஐஸ்ல இருக்குற கலர் வாந்தி பேதிய குடுக்குறது அபூர்வம், மலத்த ரோஸாக்குனதுதான் அதோட வேலை. பேதிக்கு காரணம் அந்த ஐஸ் செஞ்ச தண்ணியாவோ, பந்தல்ல மோர்ல உடைச்சுப் போட்ட ஐஸ் கட்டியாவோ இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். வேறெங்கயாச்சும் கைல ஒட்டின கிருமியாவும் இருக்கலாம். மீன் கெடாம இருக்க அடிக்கிற ஐஸ் பாளம் குடிக்கிற தண்ணியிலதான் செஞ்சிருப்பாங்கன்னு நம்ப முடியாது, சாக்குல சுத்தி ரோட்டுல இழுத்து வந்து கம்பியால உடைப்பாய்ங்க. அது மோர்லயும் ஜிகர்தண்டாவுலயும் விழுந்தா குளிர வைக்கும், கிருமிய கொல்லாது. ஐஸ்ல கிருமி உறைஞ்சு கெடக்கும், சாகாது. பந்தல்ல புண்ணியத்துக்கு குடுக்குறவங்கள நான் கொறை சொல்லல, வெயில்ல அது எத்தனையோ பேருக்கு உசுரு. மண்பானைத் தண்ணில மோர் கரைச்சு குடுக்குற பந்தல் இருக்கு, புள்ளைங்கள கூட்டிட்டு போனா அங்க குடிக்க வைங்க.

மேலூர்ப் பங்காளி:

லேப்காரர் அண்ணே, எங்க ஊர் மண்டகப்படில அடுத்த வருஷம் ஐஸ் வேண்டாம்னு நானே பேசுறேன். பானை நூறு கூட வாங்கிரலாம்.

ஆரப்பாளையம் மருந்துக்கடை:

பங்காளி அண்ணே அருமை. அந்த பானைத் தண்ணிக்கு குளோரின் மாத்திரை கணக்கா போட்டு அரை மணி நேரம் விட்டா இன்னும் நல்லது, சுகாதார ஆய்வாளர்ட்ட கேட்டா அளவு சொல்லுவாங்க.

வில்லாபுரம் அம்மு:

மத்தியானத்துக்கு மேல ரெண்டு தடவதான் போனான், ஒண்ணுக்கு நல்லா போறான், அத்தை காய்ச்சின கஞ்சிய அவங்க மடிலயே உக்காந்து குடிச்சான். நைட்டும் பாத்துட்டு காலைல டாக்டர்ட்ட ஒரு தடவ காட்டிட்டு வர்றேன், சிங்க் ஆரம்பிச்சுட்டேன்.

அலங்காநல்லூர் பேரன்:

இடைல வர்றதுக்கு மன்னிச்சுக்கங்க. எங்க தாத்தாவும் திருவிழாவுக்கு வந்தாரு, அவருக்கும் நேத்துல இருந்து போகுது. அவருக்கு சுகரும் பிரஷரும் இருக்கு, மாத்திரை சாப்பிடுறாரு. சர்க்கரை இருக்குன்னு ஓஆர்எஸ் குடிக்க மாட்டேங்கிறாரு, வெறும் வரக்காப்பிதான் குடிக்கிறாரு, தலை சுத்துதுங்கிறாரு. குடுக்கலாமா?

ஆரப்பாளையம் மருந்துக்கடை:

தம்பி, தாராளமா குடுக்கலாம், குடுத்தே ஆகணும். கணக்கு போட்டுப் பாருங்க, லிட்டருக்கு 13.5 கிராம்னா ஒரு 200 மில்லி டம்ளர்ல 2.7 கிராம்தான், அரை ஸ்பூன் சர்க்கரைக்கு கொஞ்சம் மேல. அவர் காப்பில அதுக்கு மேல போட்டிருப்பாங்க. ஆனா சுகர் மிஷின் இருந்தா இப்ப ஒரு தடவ பாருங்க, ஏறியிருக்கா எறங்கியிருக்கான்னு தெரியணும். சாப்பிடாம மாத்திரை மட்டும் போட்டா சுகர் எறங்கியும் தலை சுத்தும்.

அவர் மாத்திரை அட்டைய எடுத்துப் பாருங்க. மெட்ஃபார்மின்ங்கிற சுகர் மாத்திரை இருக்கா, பிரஷருக்கு நீர் மாத்திரை இருக்கா? ஒடம்புல தண்ணி கொறைஞ்ச நேரத்துல இந்த மாத்திரைங்க கிட்னிக்கு சுமை ஆயிரும், பிரஷரும் சர்ருன்னு எறங்கிரும். நீங்களா நிறுத்தாதீங்க, நீங்களா தொடரவும் வேண்டாம், அவர வழக்கமா பாக்குற டாக்டருக்கு இப்பவே ஃபோன் போட்டு, பேதியாகுது, இந்த இந்த மாத்திரை சாப்பிடுறாரு, நிறுத்தி வைக்கணுமான்னு கேளுங்க. ஆள் கிடைக்கலைன்னா 104 மருத்துவ ஆலோசனை நம்பருக்கு போட்டு கேக்கலாம்.

சோழவந்தான் அக்கா:

பேராண்டி, தாத்தாவுக்கு இருதயம் வீங்கியிருக்குன்னோ கிட்னி கோளாறுன்னோ முன்னாடி யாராச்சும் சொல்லியிருக்காங்களா? அப்படி இருந்தா எவ்வளவு குடிக்கலாம்னு டாக்டர் சொல்ற கணக்குதான், நாங்க சொல்றது இல்ல. இல்லைன்னா ஒவ்வொரு தடவ போனதுக்கும் ஒரு டம்ளர், பைய பைய. படுக்கைல இருந்து எந்திரிக்கும்போது தனியா விடாத, வயசானவங்க பேதி நேரத்துல தலை சுத்தி கக்கூஸ்ல விழுந்து இடுப்ப ஒடைச்சுக்கிறது ரொம்ப நடக்குது. ஒரு வாளிய கட்டில் பக்கத்துலயே வச்சுரு. உளற ஆரம்பிச்சா, ஒண்ணுக்கு நின்னு போனா, கை கால் ஜில்லுன்னு ஆனா ராத்திரின்னு பாக்காத, கூட்டிட்டு போ.

அலங்காநல்லூர் பேரன்:

கிட்னி இருதயம் எதுவும் இல்லக்கா. சுகர் 160 காட்டுது. நீர் மாத்திரை இருக்கு அட்டைல. டாக்டருக்கு போட்டுட்டு இருக்கேன். வீட்டுல பழைய ஓஆர்எஸ் பாக்கெட் ஒண்ணு இருக்கு, உள்ள கட்டி பட்டு பழுப்பா இருக்கு, அத கலக்கலாமா?

சோழவந்தான் அக்கா:

வேண்டாம்ப்பா, பழுப்பா ஆயிருந்தா தூக்கி போட்டுரு. உங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல சும்மாவே குடுப்பாங்க, கிராம சுகாதார செவிலியர் நம்பர் இருந்தா அவங்ககிட்டயும் இருக்கும். அது வர்ற வரைக்கும் மேல எழுதியிருக்கேன் பாரு, ஒரு லிட்டர், ஆறு ஸ்பூன், அரை ஸ்பூன். இப்பவே கலக்கி மொதல் டம்ளர குடுத்துட்டு டாக்டர் என்ன சொன்னாருன்னு இங்க எழுது.